மூட்டம் பொண்ணு பதில் சொன்ன நாள்

கண்ணாயிரத்துக்குத் தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு பெண்ணிடமிருந்து போன் வரும். அவன் மனைவி அம்சவள்ளி அடுப்படியில்தான் இருப்பாள். அவளுக்குக் கோபமே வராது.

தப்பாக நினைத்துவிடாதீர்கள், முழுசாகக் கேட்டுவிடுங்கள். அந்தப் போன் அவனுக்கு மட்டுமா வந்தது? மரக்காணத்து உப்பளத்தில் பாத்தி குத்தகைக்கு எடுத்தவர்கள், கூலிக்கு உப்பு வாருகிறவர்கள் என்று முந்நூறு பேருக்கு ஒரே நேரத்தில் வந்தது. எடுத்துக் காதில் வைத்தால், "வணக்கம். இது மூட்டம் வானிலைச் சேவை. இன்று உங்கள் பகுதியில் மழைக்கு வாய்ப்பு இல்லை. மீண்டும் கேட்க எண் இரண்டை அழுத்தவும்" என்று ஒரு பெண்குரல் சொல்லும். பதிவு செய்த குரல்தான். அவசரமென்றால் பகலிலும் ஒரு தரம் வரும்.

மூட்டம் என்பது கம்பெனியின் பெயர். இரும்பையிலிருந்து ஆரோவில்லுக்குப் போகிற வழியில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு பிரியதர்ஷினி என்ற பெண்ணும் அவளோடு படித்த இரண்டு பேரும் ஆரம்பித்தார்கள். உப்பளத்துக்காரனுக்கு மழையைப் போல எதிரி கிடையாது அல்லவா? மூன்று மாதம் வாரிக் குவித்த உப்பு முக்கால் மணி நேர மழையில் வந்த வழியே போய்விடும். முன்கூட்டியே தெரிந்தால் தார்ப்பாய் போட்டு மூடிக்கொள்ளலாம். அதற்காகத்தான் அந்தப் போன்.

பதிவு செய்த குரல் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் சும்மா கேட்டுவிட்டு வைத்ததில்லை. பக்கத்துப் பாத்திக்காரர் மரியதாஸ் ஒவ்வொரு நாளும் "சரிம்மா, ஆண்டவர் ஒன்னக் காப்பாத்துவாரு" என்று சொல்லிவிட்டுத்தான் வைப்பார். கூலியாட்களுக்கு மேஸ்திரியாக இருக்கிற பாஞ்சாலை, "ஏண்டி, ஞாயித்துக்கெழமைகூட லீவு குடுக்கமாட்டானா ஒனக்கு?" என்று கேட்பாள். கண்ணாயிரம் ஒரு தடவை கேட்டு வைத்ததே இல்லை. எப்போதும் இரண்டை அழுத்துவான்.

கேட்டு முடித்துவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்புவான்.

"இன்னா பதவிசா சொல்லுது பாரு அந்தப் பொண்ணு. ஒரு வார்த்த அதிகம் கெடையாது. நீயும் இருக்கியே."

"நான் இன்னா பண்ணேன்?"

"ஒன் கொரலு வேற, அது கொரலு வேறன்னு சொல்றேன்."

அம்சவள்ளி முகத்தைத் திருப்பிக்கொண்டு டீயை ஆற்றுவாள். சிரிப்பு வெளியே வந்துவிடக்கூடாதே என்று பெரும்பாடாக இருக்கும். ஏனென்றால் அந்தக் குரல் அவளுடையதுதான்.

பன்னிரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவனுக்குப் பெண்டாட்டி குரல் தெரியாதா என்று கேட்பீர்கள். வீட்டில் "சோறு உள்ளது, குழம்புக்கு வாய்ப்பு இல்லை" என்றா பேசுகிறோம்? அவன் அவளை ஒரு நாளும் "உள்ளது" போட்டுப் பேசக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் டாக்டரிடம் கூட்டிப்போயிருப்பான்.

சரி, அதை ஏன் மறைத்தாள்? அதற்கு ஒரு காரணம் இருந்தது.

அவர்கள் அளத்தில் ஒரு வழக்கம். உப்பு எடுக்கிற காலம் முடிகிறவரைக்கும் வரப்பில் நின்று யாரும் "மழை" என்ற வார்த்தையைச் சொல்லமாட்டார்கள். சொன்னால் வந்துவிடும். அவசியம் சொல்லவேண்டி வந்தால் "விருந்தாளி" என்பார்கள். அம்சவள்ளி கடலோரத்தை விட்டு உள்ளே தள்ளி, நெல் விளைகிற ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அங்கே மழை என்றால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். கல்யாணமான புதிதில், ஓர் ஆடி மாதம், மத்தியானம் கூடையை இறக்கி வைத்துவிட்டு மேற்கே பார்த்து, "மழ வரும்போல இருக்கே" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். நான்கு மணிக்கு வந்தது. மூன்று அம்பாரம் உப்பு கரைந்தது.

"வாய வெச்சிட்டா பாரு" என்றாள் பாஞ்சாலை. "கருநாக்கு."

நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்கள். நடுவில் ஊதாவாக ஏதோ இருந்தது. நாவல்பழம் தின்றேன் என்று அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை. அன்றிலிருந்து அளத்துக்குள் காலை வைக்கும்போதெல்லாம் கண்ணாயிரம் ஒரு உப்புக்கல்லை எடுத்துக் கொடுப்பான். அதை நாக்கில் வைத்துக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். அவள் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தாலே, "கீழப் பாருடி" என்று நாலு பக்கத்திலிருந்தும் குரல் வரும். அவளுக்கோ பாழாய்ப்போன வானம் பார்க்காமலே புரிந்துவிடும். காற்று திரும்புவது, பாத்தியில் உப்பு பிசுபிசுப்பது, எல்லாம் காலிலேயே தெரியும். தெரிந்ததை விழுங்கிக்கொண்டு கூடை தூக்குவாள். இரண்டு தடவை அப்படி விழுங்கி, இரண்டு தடவையும் உப்பு கரைந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

செவ்வாய், வெள்ளி அவள் இரும்பைக்குப் பஸ் ஏறி வீடு கூட்டும் வேலைக்குப் போவாள். கூட்டிய வீடுகளில் மூட்டம் கம்பெனியும் ஒன்று. அங்கே கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துப் பிரியதர்ஷினி "இன்னிக்கு மழை" என்று சொன்னால், இவள் துடைப்பத்தை நிறுத்திவிட்டு, "இன்னிக்கு இல்ல பாப்பா, நாளைக்கி மத்தியானம்" என்பாள். மாடி வீடு உப்பளம் இல்லையே, அங்கே சொல்லலாம். நான்கு தடவை சொன்னாள், நான்கும் பலித்தது. ஐந்தாவது தடவை பிரியதர்ஷினி அவள் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கி மூலையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னாள்.

அப்புறம் ஆபீஸ் போன் ஒன்று கொடுத்தார்கள். விடியற்காலை வாசல் தெளிக்கும்போது வானத்தைப் பார்த்து அதில் இரண்டு வரி சொல்லி அனுப்பிவிடுவாள். கம்ப்யூட்டர் சொல்வதோடு அதையும் சேர்த்துத்தான் முடிவு செய்வார்கள். சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்ட அறையில் அவளை உட்கார வைத்து எல்லா விதமான வானத்துக்கும் ஒவ்வொரு வாக்கியமாகக் குரலைப் பதிவு செய்துகொண்டார்கள். முதல் நாள் "மழை" என்ற வார்த்தை அவள் வாயில் வரவே இல்லை. ஒரு சொம்பு தண்ணீர் குடித்தபிறகு வந்தது. போனுக்கு நாக்கு கிடையாது. அதனால் அது மழை என்று சொன்னால் யாருக்கும் கோபமில்லை. ஓடிப்போய்த் தார்ப்பாயை இழுத்தார்கள். இரண்டு வருஷமாக அந்த அளத்தில் ஒரு கூடை உப்பு வீணாகவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சித்திரை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அவள் வேலைக்குப் போனால், ஆபீஸில் கேக் வெட்டியிருந்தார்கள்.

"அக்கா, நம்ம கம்பெனிய பெங்களூர்ல ஒரு பெரிய கம்பெனி வாங்கிடுச்சு" என்றாள் பிரியதர்ஷினி. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் கண் ஓரத்தை அடிக்கடி துடைத்துக்கொண்டாள்.

"நல்லதாச்சே பாப்பா."

"நல்லதுதான். நாங்க மூணு பேரும் அங்க வேலைக்குப் போறோம். இந்தச் சேவை மட்டும் முப்பதாம் தேதியோட நிக்குது. அதுக்கு ஒரு அறிவிப்பு உங்க குரல்லதான்க்கா வேணும்."

காகிதத்தைக் கொடுத்தாள். அம்சவள்ளி கம்பளி அறையில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தாள். "மூட்டம் தனது பயணத்தில் உற்சாகமான புதிய அத்தியாயத்தைத் தொடங்குகிறது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். ஒரு பெரிய நிறுவனத்தோடு நாங்கள் இணைகிறோம். இதனையொட்டி வரும் முப்பதாம் தேதியுடன் இந்தச் சேவை நிறுத்தப்படும். உங்கள் அன்புக்கு நன்றி."

"ஏன் பாப்பா, மொத வரியில சந்தோஷம்னு போட்டுருக்குது, கடைசியில மூடறோம்னு போட்டுருக்குது. நடுவுல இன்னா ஆச்சு?"

"அப்படித்தான்க்கா எழுதுவாங்க. எல்லாக் கம்பெனியும் இதே மாதிரிதான்."

"வாங்கனவங்க நடத்தமாட்டாங்களா?"

"அவங்களுக்கு இந்த போன் சேவை வேணாம். எங்க சாஃப்ட்வேர்தான் வேணும்."

"அது தனியா வானத்தப் பாத்துக்குமா?"

பிரியதர்ஷினி கேக் தட்டைப் பார்த்தாள். "விக்கிற பத்திரத்துல 'கள ஆய்வாளர் ஒருவர்'னு உங்களையும் எழுதித்தான்க்கா குடுத்தோம். அவங்க அந்தப் பக்கத்தைப் படிக்கல."

வீட்டுக்குக் கிளம்பும்போது ஆபீஸ் போனைத் திருப்பிக் கொடுத்தாள். பிரியதர்ஷினி வாங்கவில்லை. "லிஸ்ட்ல இந்த போனே இல்லக்கா. நீங்களே வெச்சுக்குங்க."

மறுநாள் காலை ஐந்து மணிக்கு அறிவிப்பு போனது. ஏழு மணிக்கு அளத்தில் டீ குடிக்கிற நேரத்தில் வேறு பேச்சே இல்லை.

"எனக்கு வெளங்கல" என்றார் மரியதாஸ். "பெரிய கம்பெனி வாங்கனா பெருசால்ல நடக்கணும்? எதுக்கு மூடறான்?"

"கறக்குற மாட்ட வாங்கி மடியத் தெச்சுப்புட்டான்" என்றாள் பாஞ்சாலை. "அதுல சந்தோஷமாம், உற்சாகமாம். சொல்லும்போது அந்தப் பொண்ணு கொரலு எப்பிடி இருந்திச்சு தெரியுமா? அழுவற மாதிரி இருந்திச்சு. பாவம், வேல போச்சு அதுக்கு."

கண்ணாயிரம் டீயில் இரண்டு வாய் குடித்துவிட்டு மீதியை வரப்பில் ஊற்றினான். வீட்டிலும் இட்லியை மூன்றோடு நிறுத்திக்கொண்டான். அம்சவள்ளிக்குச் சிரிப்பதா, கோபித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. இவள் போன வருஷம் டைபாய்டில் படுத்திருந்தபோது அவன் ஏழு தின்றவன்.

முப்பதாம் தேதிக்கு முன்னால் கண்ணாயிரமும் மரியதாஸும் வண்டியை எடுத்துக்கொண்டு, சேவையை நிறுத்தவேண்டாம் என்று கேட்க இரும்பைக்கே போனார்கள். கையோடு ஒரு மூட்டை உப்பும் கொண்டுபோனார்கள். தன்னைக் காட்டிக்கொடுத்துவிட வேண்டாம் என்று அம்சவள்ளி முன்கூட்டியே பிரியதர்ஷினிக்குப் போன் செய்து சொல்லி வைத்திருந்தாள். திரும்பி வந்தவன் வாசலிலேயே ஆரம்பித்தான்.

"நாங்க முடிவெடுக்க முடியாதுன்னுட்டாங்க. சரி, அந்தப் பேசுற பொண்ணு நம்பராச்சும் குடுங்க, நாங்க அத வெச்சே நடத்திக்கிறோம்னு கேட்டேன். அது கம்ப்யூட்டர் கொரலுங்க அண்ணான்னுது அந்த ஓனரம்மா. பொய். கம்ப்யூட்டரு எச்சில் முழுங்குமா? நான் ரெண்டு ரெண்டு தரம் கேக்குறவன், எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியாம இருக்குமா" என்றாள் அம்சவள்ளி.

அந்த மாதத்தோடு போன் நின்றது. ஐந்து மணிக்கு எல்லோரும் பழக்கத்தில் எழுந்து கையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாயிரம் டிவியில் வானிலை பார்க்க ஆரம்பித்தான். "வட தமிழகக் கடலோரத்தில் ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்" என்று தினமும் சொன்னார்கள். "அந்த ஓரிரு இடம் நாமளா, இல்லியா? அத சொல்லமாட்டேங்கறானே" என்று டிவியோடு சண்டை பிடித்தான்.

வைகாசி பிறந்தது. அளத்தில் பதினோரு அம்பாரம் நின்றது. கண்ணாயிரம், மரியதாஸ், இன்னும் இரண்டு பாத்திக்காரர்கள் என்று நான்கு வீட்டின் மூன்று மாத உழைப்பு அது. மறுநாள் காலை லாரி வருவதாக இருந்ததால் தார்ப்பாய்களை எடுத்துச் சுருட்டி வைத்துவிட்டார்கள். உப்பு வெயிலில் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

அன்றைக்குப் பதினோரு மணிக்கு வரவேண்டிய கடல்காற்று வரவில்லை. பதினொன்றரை ஆயிற்று, வரவில்லை. அம்சவள்ளியின் காலுக்கடியில் பாத்தி உப்பு வேர்த்திருந்தது. தலையைத் தூக்காமல் கூடை விளிம்புக்கு மேலே கண்ணை மட்டும் ஓட்டினாள். மேற்கே அடிவானத்தில் அடுப்புச் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு.

கண்ணாயிரத்திடம் போனாள்.

"ஏங்க, தார்ப்பாய இழுத்து மூடிட்டா நல்லதுங்க."

"எதுக்கு? இப்பதான சுருட்டுனோம்."

எதுக்கு என்று சொல்ல முடியுமா? "தூசு படும்."

"உப்பளத்துல எங்கேடி தூசு?"

பாஞ்சாலை பக்கத்தில் உப்பு வாருகிற பலகையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தாள். "ஏண்டி அம்சு, மேல எதுனா பாத்தியா? தாயே, வாயத் தொறந்துடாத. கண்ணாயிரம், அவளுக்கு இன்னொரு கல்லு குடுய்யா."

அவன் குனிந்து ஒரு உப்புக்கல்லை எடுத்து நீட்டினான். அவள் வாங்கி நாக்கில் வைத்துக்கொண்டாள்.

பதினோரு அம்பாரத்தை மூட எல்லோரும் சேர்ந்தாலும் இரண்டு மணி நேரம் ஆகும். அம்சவள்ளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்ஜின் கொட்டகைக்குப் போனாள். ஆணியில் மாட்டியிருந்த சாப்பாட்டுப் பையில், சோற்றுத் தூக்குக்குக் கீழே, ஆபீஸ் போன் இருந்தது. இடுப்பில் செருகிக்கொண்டு வேலிகாத்தான் புதர் பக்கம் நடந்தாள். அங்கே போகிற பெண்பிள்ளையை யாரும் பின்னால் கூப்பிடமாட்டார்கள்.

புதருக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உப்புக்கல்லைத் துப்பிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு நம்பரைப் போட்டாள்.

"ஹலோ, யாரு?"

"வணக்கம். இது மூட்டம் வானிலைச் சேவை."

"வந்துட்டியாம்மா" என்றான் கண்ணாயிரம். அந்தக் குரலில் அவன் இவளைக் கூப்பிட்டுப் பன்னிரண்டு வருஷத்தில் கேட்டதில்லை.

"நமது எண் மாறியுள்ளது. இன்று பிற்பகல் உங்கள் பகுதியில் கனமழைக்கு வாய்ப்பு உள்ளது. உப்பு அம்பாரங்களை உடனடியாக மூடவும். மீண்டும் கேட்க எண் இரண்டை அழுத்தவும்."

சொல்லி முடித்ததும் காதில் 'டொய்ங்' என்றது. வழக்கம்போல இரண்டை அழுத்திவிட்டான். இதை அவள் யோசிக்கவே இல்லை. ஒரு வார்த்தை பிசகாமல் மறுபடி சொன்னாள். மறுபடி 'டொய்ங்'. இத்தனை நாள் பிரிந்திருந்த ஆசை அவனுக்கு. மூன்றாவது தரம் சொன்னாள். வியர்வை முதுகில் ஓடியது.

"பிற்பகல், பிற்பகல்னு சொல்லுது. எத்தினி மணிக்குன்னு சொல்லமாட்டேங்குது" என்று அவன் தனக்குத்தானே முணுமுணுத்தான்.

"மூணு மணிக்குள்ள" என்றாள் அம்சவள்ளி.

புதர் இடுக்கில் பார்த்தாள். அவன் போனைக் காதிலிருந்து எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூன்று மணிக்குள் வாய்ப்பு உள்ளது" என்று திருத்திச் சொல்லிவிட்டுக் கட் செய்தாள்.

அங்கே கண்ணாயிரம் வரப்பில் ஓடினான். "அண்ணா, மூட்டம் பொண்ணு திரும்பி வந்துடுச்சுண்ணா. கேள்வி கேட்டா பதில் சொல்லுது."

"சொல்லாம?" என்றார் மரியதாஸ். "பெரிய கம்பெனி வாங்கியிருக்கான். நாமதான் அவசரப்பட்டு ஏசிட்டோம். மூடி வெச்சு ரிப்பேர் பண்ணிருக்கான்."

"எனக்கு வர்லியே" என்றாள் பாஞ்சாலை. அவள் சொன்னால்தான் கூலியாட்கள் கையை வைப்பார்கள். அம்சவள்ளிக்கு அது தெரியும். பாஞ்சாலையின் போன் அடித்தது.

செய்தி முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள் பாஞ்சாலை. பிறகு எல்லோருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, குரலைத் தணித்துக் கேட்டாள். "ஏம்மா, கோச்சிக்கினு போன என் மருமவ எப்ப வருவா?"

"அந்தத் தகவல் தற்போது இல்லை."

"வந்தா வாயாடாம இருப்பாளா?"

"இரு தரப்பும் முயற்சி செய்யவும். உப்பு அம்பாரங்களை உடனடியாக மூடவும்."

பாஞ்சாலை போனை இடுப்பில் செருகினாள். முகம் யோசனையாக இருந்தது. "இழுங்கடி தார்ப்பாய" என்றாள்.

அம்சவள்ளி ஓடிவந்து போனைப் பையில் போட்டுவிட்டு ஆட்களோடு சேர்ந்துகொண்டாள். வேலை வேகமாகத்தான் நடந்தது. ஒன்றரை மணிக்குள் ஆறு அம்பாரம் மூடியாயிற்று. அந்த நேரம் பார்த்து லாரிக்காரன் கண்ணாயிரத்துக்குப் போன் செய்தான். பக்கத்தில் சரக்கு இறக்கிவிட்டேன், இப்போதே வந்து ஏற்றிக்கொள்ளட்டுமா என்றான்.

எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள். வானம் தலைக்கு மேலே பளிச்சென்று இருந்தது. ஏற்ற வேண்டுமானால் மூடியதையெல்லாம் திறக்கவேண்டும்.

"அந்தப் பொண்ணையே கேட்டுடலாம்" என்று கண்ணாயிரம் சொல்லிவிட்டு, வெயிலில் திரை தெரியவில்லை என்று என்ஜின் கொட்டகைக்குள் போனான். அம்சவள்ளி கையிலிருந்த கயிற்றை விட்டுவிட்டு ஓடினாள். அவள் வாசலுக்குப் போய்ச் சேரும்போது அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். ஒரு காதில் மணி அடித்தது. இன்னொரு காதுக்கு, சுவரில் மாட்டிய சாப்பாட்டுப் பையிலிருந்து அடித்தது.

அவன் பையைப் பார்த்தான். கட் செய்தான். பை நின்றது. திரும்பப் போட்டான். பை அடித்தது.

"அம்சா" என்றான்.

அவள் கைகள் முழங்கை வரைக்கும் சேறாக இருந்தன. நாக்கில் கல் இல்லை. "மூடிட்டு அப்பறம் திட்டுங்க" என்றாள்.

அவன் கொட்டகை வாசலுக்கு வந்தான். வெளியே பாஞ்சாலை, மரியதாஸ், கூலியாட்கள் எல்லோரும் கயிறும் கையுமாக இவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது யார் சொன்னது என்று ஒரு வார்த்தை வெளியே வந்தால், பாஞ்சாலை முதலில் கயிற்றைக் கீழே போடுவாள். பிறகு மழை வந்தாலும் அவளால்தான் வந்தது என்பார்கள். கண்ணாயிரம் மேற்கே பார்த்தான். அவன் கண்ணுக்கு இன்னும் ஒன்றும் தெரியவில்லை. பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"இன்னாய்யா சொல்லுது?" என்றாள் பாஞ்சாலை.

"லாரிய நாளைக்கி வரச் சொல்லியாச்சு. மூணு மணிதானாம். அவங்க சொன்னா சொன்னதுதான். இழுங்க."

இரண்டு ஐம்பதுக்கு வந்தது. காற்று முதலில் வந்து தார்ப்பாய்களைத் தூக்கிப் பார்த்தது, பின்னாலேயே கயிறு கயிறாக இறங்கியது. பத்து அம்பாரம் முழுசாக மூடியிருந்தது. பதினொன்றாவதில் கால்வாசி கரைந்தது. அதற்கு மேல் யாராலும் நிற்க முடியவில்லை. அத்தனை பேரும் என்ஜின் கொட்டகைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அம்சவள்ளி பையை ஆணியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பொண்ணுக்கு நன்றின்னு ஒரு வார்த்த சொல்லணும்பா" என்றார் மரியதாஸ்.

"நம்பரு எங்கிட்ட இருக்குதே" என்று பாஞ்சாலை ஈரப் புடவையில் விரலைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"வேணாங்க்கா, அதுக்கு ஆயிரம் வேல இருக்கும்" என்றான் கண்ணாயிரம்.

"ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா போயிடும்?"

அவள் பட்டனை அழுத்துவதற்குள் கண்ணாயிரம் ஒரே தாவாகத் தாவி, பாத்திக்குத் தண்ணீர் இறைக்கிற ஆயில் என்ஜினின் சுழற்றுகிற இரும்பைப் பிடித்து நாலு சுற்றுச் சுற்றினான். என்ஜின் இருமியது, புகையைக் கக்கியது, தகரக் கூரை அதிரப் படபடவென்று ஓட ஆரம்பித்தது. கொட்டகைக்குள் ஒருத்தர் பேசுவது இன்னொருத்தருக்குக் கேட்கவில்லை.

"யோவ்" என்று பாஞ்சாலை அவன் காதில் கத்தினாள். "விருந்தாளி வந்து வெளிய கொட்டிக்கினு இருக்குறான், நீ எதுக்குய்யா தண்ணி எறைக்கிற?"

"என்ஜின் ஈரமாச்சுன்னா கெட்டுப்பூடும். சூடு பண்றேன்."

"புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு?" என்று மரியதாஸ் கையை ஆட்டிக் கேட்டார். கண்ணாயிரம் கேட்காத மாதிரி என்ஜினைத் தடவிக் கொடுத்தான்.

மூலையில், மடியிலிருந்த பை கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டே இருந்தது. அம்சவள்ளி இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். பாஞ்சாலை மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டு, "எடுக்கல" என்று உதட்டைப் பிதுக்கிக் காட்டினாள்.

கண்ணாயிரம் ஆட்களை விலக்கிக்கொண்டு மூலைக்கு வந்து மனைவி பக்கத்தில் குந்தினான். நன்றாகத் திட்டத்தான் வருகிறான் என்று அவள் நினைத்தாள். அவன் காதை அவள் வாய்ப் பக்கம் கொண்டுவந்தான்.

"எப்ப நிக்கும்?" என்றான்.

அவள் என்ஜின் சத்தத்துக்கு மேலே, உப்பளத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, வாயைத் திறந்து சொன்னாள்.

"மழையா? அஞ்சு மணி வரைக்கும் நிக்காது."

அவன் தலையை ஆட்டினான். கீழே குனிந்து உப்புக்கல்லைத் தேடவில்லை. எழுந்துபோய் என்ஜினை நிறுத்தினான்.

"அஞ்சு மணி வரைக்கும் நிக்காதாம்" என்றான் பொதுவாக.

"யாரு சொன்னா?" என்றாள் பாஞ்சாலை.

"சொன்னாங்க."

"மூணு தரம் போட்டேன், எனக்கு எடுக்கல. ஒனக்கு மட்டும் சொல்லுதோ?"

கண்ணாயிரம் துண்டை எடுத்து என்ஜினைத் துடைத்தான். மரியதாஸ் போனில் மணி பார்த்தார். ஐந்துக்கு இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்தது. "அவ்ளோ நேரம் ஆவும்னா சோத்தப் பிரிச்சிட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுத் தன் தூக்கைத் திறந்தார். மற்றவர்களும் ஒவ்வொருத்தராக உட்கார இடம் பார்க்க ஆரம்பித்தார்கள்.